தொட்ட குதிரை

ஆம்ப்ரோஸ் கை கொடுத்த விதத்திலேயே தேசிகனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆட்டம் தொடங்குமுன் எதிராளியோடு கை குலுக்குவது செஸ்ஸில் வழக்கம். ஆம்ப்ரோஸின் குலுக்கல் பெங்களூர் செஸ் வட்டாரத்தில் பேர்போனது. ஹொசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன கை அது. பிடித்தால் விரல் எலும்புகள் ஒன்றோடொன்று உரசும். காயை நகர்த்துமுன்பே பாதி ஆளைச் சாய்த்துவிடுவார் என்று கிண்டல் செய்வார்கள். அந்த மனுஷர் இன்று தேசிகனின் வலது கையை இரண்டு கைகளாலும் ஏந்தி, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் கையைப் பிடிப்பதுபோல் பிடித்து, பத்திரமாக மேஜைமேல் வைத்தார்.

"எப்படி இருக்கே தேசிகா? மாத்திரை எல்லாம் கரெக்டா போடறியா?"

"போடறேன்" என்றார் தேசிகன்.

தேசிகனின் வலது கை ஆட ஆரம்பித்து இந்த வருஷத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் காப்பி டம்ளரில் தெரிந்தது. பிறகு கையெழுத்தில். டாக்டர் வியாதிக்கு ஒரு பெயர் சொன்னார், குறையாது என்றார், மெதுவாகத்தான் கூடும் என்று ஆறுதலும் சொன்னார். ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மல்லேஸ்வரம் வீட்டில் உட்கார்ந்த தேசிகனுக்கு மிச்சமிருந்தது செஸ் ஒன்றுதான். அதற்கும் கை வேண்டுமே! ஒரு சிப்பாயை நகர்த்தப் போனால் பக்கத்துச் சிப்பாய் உருளும். செஸ் கடிகாரத்தின் பொத்தானைத் தேடி அழுத்துவதற்குள் அரை நிமிஷம் ஓடிவிடும். காய் நகர்த்த ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம், விதி அனுமதிக்கிறது என்று நடுவர் பிரபா முதல் நாளே சொன்னாள். தேசிகன் வேண்டாம் என்றுவிட்டார்.

ஆனால் அவரை உறுத்தியது கை அல்ல. எதிராளிகள்தான்.

இந்தப் போட்டியிலேயே நடந்தது. கண்டோன்மென்ட்டில் ஒரு சர்ச்சுக்கு அடுத்த மண்டபத்தில் வருஷாவருஷம் நடக்கும் போட்டி. மூன்றாவது சுற்றில் சஞ்சய் என்ற பையனோடு ஆட்டம். ஈஜிபுராவில் ரூம் எடுத்துத் தங்கி, எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். நல்ல மூளை. தேசிகனை மூலையில் ஒடுக்கிவிட்டான். இன்னும் கொஞ்ச நேரத்தில் கதை முடிந்திருக்கும். அப்போது பார்த்து, "டிரா வெச்சுக்கலாமா சார்?" என்றான். தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் தேசிகன் ஒப்புக்கொண்டார். வெளியே டீக் கடையில், அவர் பின்னால் நிற்பது தெரியாமல் அவன் நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "பாவம்டா. அந்தக் கையைப் பார்த்துட்டு எப்படிடா ஜெயிக்கிறது?"

ஐந்தாவது சுற்றில் இன்னொருவர் அதையே செய்தார். இந்தத் தடவை தேசிகனுக்குக் காரணம் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாங்கிக்கொண்டார். அதுதான் அவரை ராத்திரி தூங்கவிடாமல் அடித்தது.

மறுநாள், அதாவது இன்று காலை, மனைவி அனந்தலக்ஷ்மி அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏன்னா, இன்னிக்கும் போகணுமா? ஒவ்வொருத்தரும் உங்களைப் பார்த்துப் பரிதாபப்படறா. நன்னாவா இருக்கு?"

அவளிடம் அவர் எதையும் மறைப்பதில்லை.

"கடைசி ரவுண்டு ஆம்ப்ரோஸோட. அவனும் அப்படிப் பண்ணினான்னா இதோட நிறுத்திடறேன். போர்டைத் தூக்கிப் பரண்ல போட்டுடலாம்."

"நிஜமா?"

"நிஜமா."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்து அவருக்குக் கோபம் வரவில்லை, துக்கம்தான் வந்தது. கையில் ஆட்டம் இருக்கலாம், ஆட்டக்காரன் என்ற பேர் போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

ஆம்ப்ரோஸை அவர் நம்பியதற்குக் காரணம் இருந்தது. பெற்ற அம்மாவே எதிரில் உட்கார்ந்தாலும் ஆம்ப்ரோஸ் டிரா கொடுக்கமாட்டார் என்பது வட்டாரத்தில் எல்லோரும் சொல்வது. எதிராளிக்கு மூச்சுவிட ஒரு கட்டம்கூட மிச்சம் வைக்காத ஆட்டம் அவருடையது. பல வருஷங்களுக்கு முன் இதே மண்டபத்தில், நல்ல நிலையில் இருந்த தேசிகன் ஏதோ யோசனையில் ஒரு சிப்பாயின் தலையில் விரலை வைத்துவிட்டு எடுத்தார். தொட்ட காயை ஆடியே தீரவேண்டும், சும்மா நேராக்குவதற்குத் தொடுகிறவன் முதலிலேயே 'அட்ஜஸ்ட்' என்று சொல்லிவிட்டுத் தொடவேண்டும் என்பது சட்டம். ஆம்ப்ரோஸ் கடிகாரத்தை நிறுத்தினார், நடுவரைக் கூப்பிட்டார், சிப்பாயை ஆட வைத்தார், ஜெயித்தார். தேசிகன் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. பிறகு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கின இடத்தில் இருவரும் மாட்டிக்கொண்டு, பேசாமல் இருக்க முடியாமல் பேசி, அன்றிலிருந்து சினேகிதர்கள்.

அந்த ஆம்ப்ரோஸ்தான் இன்று கையை ஏந்தி ஏந்தி வைக்கிறார்.

இத்தனைக்கும் அவருக்கு இன்று ஜெயித்தாக வேண்டும். சொந்தச் சர்ச்சின் மண்டபத்தில் நடக்கும் போட்டியில் இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட முதலில் வந்ததில்லை. இரண்டாவது வந்திருக்கிறார், மூன்றாவது வந்திருக்கிறார். அவர் மனைவி டோரீன் ஷோகேஸின் நடுத்தட்டைக் கோப்பைக்கென்று காலியாக விட்டு வைத்திருப்பதாகக் கேலி செய்வார்கள். இப்போது சஞ்சய் தன் கடைசி ஆட்டத்தை முன்கூட்டியே ஆடி முடித்துவிட்டு அரைப் புள்ளி முன்னால் நின்றான். ஆம்ப்ரோஸ் ஜெயித்தால் கோப்பை ஆம்ப்ரோஸுக்கு. டிரா ஆனால் புள்ளி சமமாகும், அப்போது சமநிலைக் கணக்கின்படி கோப்பை சஞ்சய்க்கு.

ஆட்டம் தொடங்கியது. தேசிகன் வெள்ளைக் காய்கள். வெளியே சிணுசிணுவென்று தூறல். சர்ச்சில் பத்து மணிப் பூசை முடிந்து ஜனங்கள் குடையோடு கலைந்துகொண்டிருந்தார்கள். தேசிகன் எதையும் கவனிக்கவில்லை. பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் அவர் மனசு மட்டும் எப்போதும்போல் நிலைக்கு வந்துவிடும். கை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். இரண்டும் வேறு வேறு ஆள்கள்போல.

நன்றாகவே ஆடினார். காய்கள் பாதி வெட்டுப்பட்டு நடு ஆட்டம் வந்தபோது இருவரும் சமமாக இருந்தார்கள். சொல்லப்போனால் தேசிகனுக்கு ஒரு மயிரிழை கூடுதல். ஒரு தடவை அவர் யானை கவிழ்ந்து உருண்டது. ஆம்ப்ரோஸ் அதை எடுத்து அதன் இடத்தில் நிறுத்திவிட்டு, பேசாமல் இருந்தார். அந்தப் பேசாமையையும் தேசிகன் சந்தேகத்தோடு பார்த்தார்.

அப்போது அவருக்கு ஒரு குதிரைத் தாவல் கண்ணில் பட்டது. பலகையின் நடுவில் நின்ற குதிரையைத் தாவவிட்டால் கறுப்பின் இரண்டு காய்களை ஒரே சமயத்தில் மிரட்டலாம். இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்று அனுபவம் சொன்னது. ஆசை கேட்கவில்லை. கையை நீட்டிக் குதிரையின் தலையைப் பிடித்தார்.

பிடித்த நொடியில் தெரிந்துவிட்டது. குதிரை அந்தக் கட்டத்தை விட்டு நகர்ந்தால், அதற்குப் பின்னால் நின்ற அவருடைய யானை, மூலைவாட்டில் பாயும் ஆம்ப்ரோஸின் மந்திரிக்கு நேராக மாட்டிக்கொள்ளும். குதிரைதான் இத்தனை நேரம் அதை மறைத்துக்கொண்டிருந்தது. பச்சைக் குழந்தைகூடப் பார்க்கும் விஷயம். யானை போனால் ஆட்டம் போனதுபோல்தான்.

அவர் விரல்கள் தாமாக விலகின. கை குதிரையின்மேல் நின்று ஆடியது.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பிரபா குனிந்து மெதுவாகச் சொன்னாள். "சார், தெரியாம கை பட்டா அது தொட்ட கணக்குல வராது. ரூல்லயே இருக்கு. நீங்க வேற காய் ஆடலாம்."

தேசிகன் நிமிர்ந்து ஆம்ப்ரோஸைப் பார்த்தார். ஆம்ப்ரோஸுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. குதிரை நகர்ந்தால் என்ன கிடைக்கும் என்று அந்தக் கண்கள் கணக்குப் போட்டு முடித்திருந்தன. கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் போதும்.

"கை ஆடிடுச்சு. விடு தேசிகா" என்றார் ஆம்ப்ரோஸ், பலகையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "பேஜார் பண்ணிக்காதே. வேற ஆடு."

சுற்றிலும் வேடிக்கை பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். எல்லோருடைய முகத்திலும் அந்தப் பாவம் என்ற வார்த்தை எழுதியிருந்தது. ஆமாம், கை ஆடிவிட்டது. யாரும் சந்தேகப்படப் போவதில்லை. இத்தனை நாள் அவரைப் படுத்திய வியாதி முதல் தடவையாக அவருக்கு ஒத்தாசைக்கு வந்து நின்றது. ஆம் என்று தலையை அசைத்துவிட்டு யானையை ஓரமாக நகர்த்தினால் ஆட்டம் சமமாகவே போகும்.

கை ஆடவில்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆடியது புத்தி. நல்ல கை இருந்த காலத்தில் எத்தனையோ தடவை செய்த அதே அவசரம். அது அவருடைய தப்பு, சொந்தத் தப்பு. அதையும் வியாதியின் கணக்கில் எழுதிவிட்டால் பிறகு தனக்கென்று என்ன மிஞ்சும்? கூடவே ஆம்ப்ரோஸின் மேல் ஆத்திரமும் வந்தது. துரோகி, நீயுமா?

"கை ஆடல" என்றார். குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது. "நான்தான் எடுத்தேன். குதிரையைத்தான் ஆட நெனச்சேன்."

"சார்..." என்றாள் பிரபா.

"தொட்ட காய்ம்மா. ஆடித்தான் ஆகணும்."

குதிரையை எடுத்தார். அது அவர் விரல்களில் ஆடி, வழியில் ஒரு சிப்பாயைத் தட்டி, கடைசியில் போய்ச் சேரவேண்டிய கட்டத்தில் போய்ச் சேர்ந்தது. சிப்பாயை "அட்ஜஸ்ட்" என்று சொல்லி நேராக்கிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினார்.

ஆம்ப்ரோஸ் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அந்த முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. பிறகு மந்திரியால் யானையை வெட்டி, அதைப் பலகைக்கு வெளியே டக்கென்று வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது வதம்தான். ஆம்ப்ரோஸ் பழைய ஆம்ப்ரோஸாக ஆடினார். தேசிகன் விடவில்லை. குதிரையைக் கொடுத்து எதிராளியின் யானை ஒன்றை வாங்கினார். ஓடினார், ஒளிந்தார், ஒவ்வொரு கட்டமாகப் பின்வாங்கினார். தோற்பதில் அவருக்கு வெட்கம் இல்லை. ஆனால் எந்த நிமிஷமும் எதிரிலிருந்து 'டிரா வெச்சுக்கலாமா' என்ற குரல் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தார். அது வரவில்லை.

மற்ற மேஜைகளெல்லாம் காலியாகிவிட்டன. கூட்டம் இந்த மேஜையைச் சுற்றி நின்றது. கடைசியில் தேசிகனின் ராஜா பலகையின் மூலையில் போய்ச் சிக்கியது. ஆம்ப்ரோஸின் மந்திரியும் இரண்டு சிப்பாய்களும் அந்த மூலையைப் பூட்டி வைத்திருந்தன. ராஜாவால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. தேசிகனிடம் மிச்சம் ஒரு யானையும், பலகையின் அந்தக் கோடியில் ஒற்றைச் சிப்பாயும். ஆம்ப்ரோஸிடம் யானை வேறு இருந்தது. நிதானமாகத் தன் ராஜாவைக் கிட்டத்தில் கொண்டுவந்தால் தீர்ந்தது.

ஆம்ப்ரோஸ் நெடுநேரம் யோசித்தார். அந்த ஒற்றைச் சிப்பாயைப் பார்த்தார். அது ஓடிப்போய் ராணியாக இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. ஆனாலும் எதிராளிக்கு எதையும் மிச்சம் வைக்காத மனுஷர் அல்லவா, அதையும் விட்டுவைக்க மனசு வரவில்லை. தன் சிப்பாயைத் தள்ளி அதன் முன்னால் நிறுத்தி, அதன் வழியையும் அடைத்தார்.

தேசிகன் பலகையைப் பார்த்தார். ராஜா நகர முடியாது. சிப்பாய் நகர முடியாது. நகரக்கூடியது யானை மட்டும்.

யானையும் இல்லாமல் போனால்?

ராஜாவுக்கு நேராக எந்தத் தாக்குதலும் இல்லாமல், நகர்த்த ஒரு காயும் இல்லாமல் போனால் அது தோல்வி இல்லை. அது டிரா. இந்த முறை இரண்டு தடவை பார்த்தார். மூன்று தடவை பார்த்தார். பிறகு யானையை எடுத்து, அது கை நடுக்கத்தில் தடதடக்க, ஆம்ப்ரோஸின் ராஜாவுக்கு முட்டிக்கொள்ளும் தூரத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"செக்."

கூட்டத்தில் யாரோ, பெரியவருக்குக் கை தவறிவிட்டது என்று நினைத்து உச்சுக் கொட்டினார்கள். ஆம்ப்ரோஸின் கை யானையை வெட்ட நீண்டது. பாதியில் நின்றது. அவர் முகம் வெளுத்தது.

வெட்டினால் டிரா. வெட்டாமல் ராஜாவை நகர்த்தினார். யானை பின்னாலேயே போய் மறுபடி எதிரில் நின்றது. மறுபடி நகர்ந்தார். மறுபடி வந்தது. என்னை எடு, என்னை எடு என்று அது துரத்தியது. ஆம்ப்ரோஸ் பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ராஜாவை ஓட்டிப் பார்த்தார். நெற்றி வியர்த்துக் கண்ணாடியில் சொட்டியது. தேசிகன் எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்தே விட்டுக்கொடுத்தானோ என்ற ஒரு சந்தேகம் அவருக்கு மிச்சமிருந்தது. ராஜாவை ஒவ்வொரு பொந்தாகக் கொண்டுபோய் ஒளித்துப் பார்க்கும் அந்த வெறியைப் பார்க்கப் பார்க்க அது கரைந்து போயிற்று.

கடைசியில் ராஜா நின்றது. போக இடமில்லை. ஆம்ப்ரோஸ் யானையை ஓங்கி வெட்டினார்.

தேசிகனிடம் நகர்த்த எதுவும் இல்லை. "டிரா" என்றாள் பிரபா. கூட்டத்தில் நின்றிருந்த சஞ்சய் தனக்குக் கோப்பை கிடைத்ததை மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

"அந்தச் சிப்பாயை எதுக்குடா தள்ளினேன்!" ஆம்ப்ரோஸ் மேஜையில் அடித்த அடியில் காய்களெல்லாம் குதித்தன. "சும்மா ராஜாவை இங்க வெச்சிருந்தா முடிஞ்சுது! முடிஞ்சுது! எருமை மாடு மாதிரி..."

"சார், மெதுவா" என்றாள் பிரபா.

அவர் காதில் வாங்கவில்லை. நகர்வுகள் எழுதிய தாளில் கையெழுத்தைக் கிறுக்கி அவளிடம் தள்ளிவிட்டு, நாற்காலி கவிழ எழுந்தார். தேசிகன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் விடுவிடுவென்று வாசல்வரை போனார். வாசலில் நின்றார். ஆட்டம் முடிந்து கை குலுக்காமல் போவது மரியாதை இல்லை என்பது அந்தக் கோபத்திலும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அதே வேகத்தில் திரும்பி வந்து கையை நீட்டினார்.

தேசிகனின் கை ஆடிக்கொண்டே போயிற்று. ஆம்ப்ரோஸ் அதைப் பிடித்தார். பழைய பிடி. விரல் எலும்புகள் ஒன்றோடொன்று உரசின. வலி முழங்கை வரைக்கும் ஏறியது. அந்த இறுக்கத்தில் கைக்கு ஆடக்கூட இடமில்லை.

"அடுத்த வருஷம் வராம மட்டும் இருந்துடாதே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுத் தூறலில் இறங்கிப் போனார்.

மல்லேஸ்வரம் வீட்டில் அனந்தலக்ஷ்மி கதவைத் திறந்தவுடன் அவர் முகத்தைத்தான் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்ன ஆச்சு?"

"டிரா."

காலையில் அவர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. நினைத்தது நடந்துவிட்டது, ஆனால் அந்தக் கண்களைப் பார்த்தபோது அவளுக்கே நெஞ்சு கனத்தது.

"அப்போ... அவரும் விட்டுக்கொடுத்துட்டாரா? போறது விடுங்கோ. போர்டை நானே பரண்ல எடுத்து வெச்சுடறேன்."

தேசிகன் ஊஞ்சலில் உட்கார்ந்து வலது கையை அவளிடம் நீட்டினார். விரல் முட்டிகள் கன்றிச் சிவந்திருந்தன. நான்கு விரல் பதிந்த தடம் புறங்கையில் அப்படியே இருந்தது. அவள் பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, இதென்னன்னா? யார் இப்படிப் போட்டு நசுக்கினது?"

"ஆம்ப்ரோஸ்" என்றார் தேசிகன். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வலி உயிர் போறதுடி. கொஞ்சம் தைலம் இருந்தா எடுத்துண்டு வா. போர்டு இங்கயே இருக்கட்டும்."